வாய்க்காலுக்கு மேற்கே

விழுப்புரத்திலிருந்து வரும் ரயில் புதுச்சேரியில் நின்றதும், தோள்பை மாட்டிய கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்குகிறது. கிழக்கே, கடற்கரைப் பக்கம். மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆட்டோக்காரர்களும் கேட்காமலேயே அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். நிலையம் இருக்கும் சாலைக்குச் சுப்பையா சாலை என்று பெயர். யார் அந்தச் சுப்பையா என்று இறங்கியவர்களில் ஒருவராவது கேட்டால், அவர் பார்க்கப்போகும் புதுச்சேரியே வேறாகிவிடும்.

இந்த ரயில்பாதை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதல்ல. 1879இல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இருப்புப்பாதை இணைத்தபோது, பெட்டிகளில் வந்தவை பஞ்சுப் பொதிகளும் மார்செய் துறைமுகத்துக்குப் போகவேண்டிய மணிலாக் கொட்டை மூட்டைகளும். அவற்றோடு மனிதர்களும் வந்தார்கள். சிலர் ஆலைக்குப் போனார்கள். சிலர் கப்பலுக்குப் போனார்கள். ஆலையும் கப்பலுமாகச் சேர்ந்து உருவாக்கிய ஊர் இது.

தண்டவாளத்தை ஒட்டி மேற்கே போனால், அது கடலூர் சாலையை வெட்டும் இடத்தில் ஏ.எப்.டி. கேட் வருகிறது. பக்கத்தில் பெரிய திடல். அரசியல் கூட்டம், பொருட்காட்சி எல்லாம் இங்கேதான் நடக்கும். புதிய பேருந்து நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2024இல், தற்காலிகப் பேருந்து நிலையமும் இந்தத் திடலுக்குத்தான் வந்தது. சென்னைக்கும் கடலூருக்கும் பேருந்துக்காகக் காத்திருந்தவர்களின் கண்ணெதிரே ஒரு நூற்றாண்டின் சுற்றுச்சுவர் நின்றது. ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்பதன் சுருக்கம் ஏ.எப்.டி. 1898இல் தொடங்கிய ஆலை. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதை ரோடியர் மில் என்றே சொல்கிறார்கள்.

ஆலை ஓடிய காலத்தில், அதை ஒட்டிய முதலியார்பேட்டையில் வளர்ந்தவர்களுக்குக் கடிகாரம் பழகுமுன் மில் சங்கு பழகிவிடும். சங்கு ஊதினால் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும், சங்கு ஊதினால் அப்பா சைக்கிளில் வந்துவிடுவார், சங்கு ஊதினால் சோறு வடிக்க வேண்டும். சைக்கிள் கூட்டம் கேட்டைத் தாண்டி வெளியே வரும்போது சாலையில் வேறு வண்டி நகர முடியாது. தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். எவ்வளவு குளித்தாலும் அது முழுதாகப் போகாது என்று ஆலையில் உழைத்த குடும்பங்கள் சொல்லும்.

ரோடியருக்கு முன்பே இங்கே இரண்டு ஆலைகள் இருந்தன. ஹென்ரி கெப்லே என்பவரின் பெயரில் ஓர் ஆலை இருந்தது. அவர் பின்னாளில் நகரத்தின் மேயராகப் பல ஆண்டுகள் இருந்தார். அவருடைய ஆலை பின்னாளில் பாரதி மில் ஆனது. எல்லாவற்றுக்கும் மூத்தது சவானா மில். பின்னாளில் சுதேசி மில் என்று பெயர் மாறிய அந்த ஆலை 1820களின் இறுதியில் தொடங்கியது. பம்பாயின் முதல் பஞ்சாலை 1850களில்தான் வந்தது என்பதை வைத்துப் பார்த்தால், இந்தச் சின்ன ஊர் எவ்வளவு சீக்கிரம் நீராவி யுகத்துக்குள் வந்துவிட்டது என்று புரியும்.

அதே 1820களில் உலகின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில் லோவல் என்ற ஊர் பஞ்சாலைகளைச் சுற்றி எழுந்துகொண்டிருந்தது. லோவலும் புதுச்சேரியும் ஒரு தலைமுறையில் பிறந்த ஆலை ஊர்கள். லோவல் ஆலைகளில் முதலில் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் வேலை செய்தார்கள். பிறகு அயர்லாந்துக்காரர்கள் வந்தார்கள், கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், கிரேக்கர்கள் வந்தார்கள். ஆலை ஆட்களை இழுத்தது, நாடே வேறு முகம் கொண்டது. புதுச்சேரியில் நடந்தது இதன் பாதிதான். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆலை ஆட்களை இழுத்தது உண்மை. ஆனால் அதே கரையில் நின்ற கப்பல்கள் ஆட்களை வெளியே கொண்டுபோயின. அமெரிக்கா குடியேறிகளை வாங்கிய நாடு. புதுச்சேரி அவர்களை அனுப்பிய துறைமுகம்.

சவானா மில் நெய்தது என்ன, யாருக்காக? பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று பெயரிட்ட நீலத் துணி. பருத்தியை நெய்து அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்து எடுப்பார்கள். நன்றாகத் தோய்ந்த துணி கருநீலமாக மின்னும். இந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்குப் போனது. அங்கே பாலைவனத்து மக்களிடம் வேலம்பிசின் வாங்க இதுவே நாணயம் போலப் புழங்கியது. துணிக்கு இத்தனை பிசின் என்று கணக்கு. அந்தப் பிசின் பிரான்சுக்குப் போய்த் துணிகளில் அச்சு ஏற்றப் பயன்பட்டது. முத்தியால்பேட்டை நெசவாளரின் தறியும் தென்னார்க்காட்டு அவுரிக் காடும் சகாராவின் ஓரமும் ஒரே நூலில் கோத்திருந்தன. ஆலை வருவதற்கு முன்பே கைத்தறிக்காரர்களும் சாயக்காரர்களும் நெய்து தோய்த்த துணி அது. ஆலை அதை அள்ளிக்கொண்டது. தறியை விட்டவர்கள் ஆலை வாசலில் நின்றார்கள். அங்கேயும் இடம் கிடைக்காதவர்களுக்குக் கடல் இருந்தது.

*

இனிக் கிழக்கே திரும்பலாம். தமிழர் பகுதியையும் பழைய வெள்ளையர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்ட வேண்டும். ஒரு கரையில் செஞ்சி சாலை, மறு கரையில் ஆம்பூர் சாலை. சிறு பாலம் ஒன்றில் நடந்து கடந்துவிடலாம். ஆனால் இதைக் கடக்க இந்த ஊர்க்காரர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது.

கடற்கரையில், 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றால் கடல் மட்டும்தான் தெரியும். இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைத் தாண்டி அவற்றுக்கு ஆட்களைக் கொண்டுபோனவை படகுகள். முதன்முதலில் கடல் தாண்டிக் கரும்புத் தோட்டம் பார்த்தவர்கள் ஏனாமிலிருந்து 1828இல் ரியூனியன் தீவுக்குப் போன சிறு குழுவினர். பெருங்கூட்டம் போனது அதற்குப் பிறகு. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையான கறுப்பின மக்கள் பழைய எஜமானர்களின் கரும்புக் காட்டில் குனிய மறுத்தார்கள். சர்க்கரை முதலாளிகளின் கண் சோழமண்டலக் கரையின் மேல் விழுந்தது. மானுட வரலாற்றின் பெரிய சீர்திருத்தங்களில் ஒன்று பிரெஞ்சுத் தீவுகளில் சங்கிலியை அறுத்தது. அதனால் காலியான இடத்தை நிரப்பத் தமிழர்களிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை நீட்டினார்கள்.

‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களை இறக்கியது. அதே பெயர்க் கப்பல் 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், குவாதலூப் தீவை அடைந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 42,000 பேர் குவாதலூப்புக்கும் 25,000 பேர் மார்த்தினிக்குக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மிகப் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். ஆனால் எல்லோரும் பிரெஞ்சுப் பிரஜைகள் அல்லர். தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சி என்று பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்து ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் கூட்டிவந்தவர்களே அதிகம். சோறு கிடைக்கும், கூலி கிடைக்கும், ஐந்து வருஷத்தில் திரும்பி வந்துவிடலாம் என்பது மேஸ்திரியின் வாக்கு. தன் குடிமக்களைக் கடத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் அரசு புகார் சொன்னது. 1860லும் 1861லும் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி கப்பலேறும் துறையில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் நின்று கண்காணித்தார். ஆட்சேபம் இருந்தது ஆள் போவதில் அல்ல, அனுமதி இல்லாமல் போவதில்தான். 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது மேஸ்திரிகளுக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பசி பேசியது.

போனவர்கள் என்ன கொண்டுபோனார்கள்? துணிமூட்டையைவிடப் பெரிதாக ஒன்றைக் கொண்டுபோனார்கள், தெய்வங்களை. கரீபியன் கரும்புக் காட்டில் மாரியம்மன் ‘மாலியேமென்’ ஆனாள். மதுரை வீரன் ‘மல்தேவிலன்’ ஆனான். கடலில் காப்பாற்றும் நாகூர் மீரானும் ஒரு தெய்வமாகவே கப்பலேறினார். தீவில் அவருக்குக் கொடி கட்டினார்கள். மசாலா அரைத்து வைத்த குழம்பு ‘கொலொம்போ’ என்ற பெயரில் இன்று குவாதலூப்பின் சொந்த உணவு. மொழி மட்டும் இரண்டு மூன்று தலைமுறையில் நாவிலிருந்து உதிர்ந்துவிட்டது. வழிபாட்டுப் பாடலாக அது எஞ்சியிருக்கிறது, பாடுபவர்களுக்கே பொருள் முழுதும் தெரியாமல்.

உரிமை? அதற்கு ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல வேண்டும். குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஹென்ரி சிதம்பரம். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்கள், ஆகவே அவர்களுக்கு வாக்குரிமை உண்டு என்று 1904இல் அவர் வழக்கு நடத்தத் தொடங்கினார். ஆளுநரின் நிர்வாகம் எதிர்த்தது. பத்தொன்பது ஆண்டுகள் நடந்தது அந்தப் போராட்டம். 1923இல் வென்றார்.

அந்த ஆண்டை அமெரிக்க வரலாற்றில் தேடிப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த நாட்டு ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியருக்குக் குடியுரிமை கிடையாது, அவர் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946இல்தான் திறந்தது. ஒரே ஆண்டில், ஒரு தீவில் தமிழ்க் கூலியின் பிள்ளைகள் குடிமக்கள் ஆனார்கள், ஒரு கண்டத்தில் படைவீரர் ஒருவர் அந்நியர் ஆனார். சிதம்பரத்தின் தலைமுறை திறந்த கதவு வழியாகவே எர்னெஸ்ட் முத்துசாமி என்ற குவாதலூப் எழுத்தாளர் 1981இல் பாரீஸ் நாடாளுமன்றத்துக்குள் போனார், இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

கரும்புத் தோட்டத்துப் பெண்களின் அழுகையைத் தமிழில் பாடிய பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தார். அவர் பாடியது பிஜித் தீவை. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் இருந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில்தான், அதே போன்ற பெண்களைப் பல பத்தாண்டுகளாகக் கப்பலேற்றிய கரை இருக்கிறது.

*

ஊரில் தங்கியவர்களின் கதை ஒரு ஜோடிச் செருப்பிலிருந்து தொடங்குகிறது. செருப்பு என்று சொல்வதுகூடச் சரியில்லை, பூட்ஸ்.

1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் காலுறையும் பூட்ஸும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரர் ஐரோப்பியரைப் போல வரக்கூடாது என்று நீதிமன்றம் அவரைத் தடுத்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு வாதாடுகிற ஒருவருக்கு வேறு வழிகள் இருந்தன: பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் கழற்றவில்லை. பாரீஸில் உள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார், வென்றார்.

அந்த வெற்றி பெரிய ஒன்றின் முன்னோட்டமாக அமைந்தது. 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. சாதி, மதம் சார்ந்த தங்கள் வழக்கச் சட்டத்தை ஓர் இந்தியர் கையெழுத்திட்டுத் துறந்தால், பிரெஞ்சு உரிமைச் சட்டம் முழுவதும் அவருக்குப் பொருந்தும். அப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். துறந்தவர்கள் புதுக் குடும்பப்பெயர் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அந்தப் பெயரில் இன்றும் புதுச்சேரியில் ஒரு வீதி இருக்கிறது.

கையெழுத்திட்டவர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம். அவர்களிலும், சாதியின் அடித்தட்டில் மிதிபட்டுக் கிடந்தவர்கள் பலர். சேரியிலிருந்து வந்த ஒருவருக்குப் பழைய சட்டத்தைத் துறப்பதால் இழப்பதற்கு என்ன இருந்தது? இழப்பதற்கு நிறைய இருந்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் நடு சண்முக வேலாயுத முதலியார். பழைய சமூக ஒழுங்கு குலையக் கூடாது என்பது அவர் நிலை. 1871க்குப் பின் இந்தியர்களுக்கும் வாக்குரிமை இருந்ததால், எண்ணிக்கையில் பெரும்பான்மையான வழக்கச் சட்டக்காரர்களின் வாக்கைத் திரட்டி, பல ஆண்டுகள் புதுச்சேரி அரசியலைத் தன் கைக்குள் வைத்திருந்தார். 1884இல் ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியர்களுக்கு ஒன்று என்று மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்தன. எல்லோரும் சமம் என்று சொன்ன குடியரசு மூன்று வரிசையில் நிற்கச் சொன்னது.

துறந்தவர்கள் அந்தத் தாளை ஊரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கப்பலேறி இந்தோசீனாவுக்குப் போனார்கள். இந்த முறை கரும்பு வெட்ட அல்ல. சைகோனில் காவலர்களாக, வரி அலுவலர்களாக, எழுத்தர்களாக, கலங்கரை விளக்கக் காவலர்களாக வேலை பார்த்தார்கள். பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறேன், ஆகவே ஐரோப்பியருக்குரிய சம்பளம் எனக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். வாக்குரிமையும் கேட்டார்கள். சைகோனில் செட்டியார்கள் இருந்தார்கள், துணிக்கடைத் தமிழ் முஸ்லிம்கள் இருந்தார்கள், மாரியம்மன் கோயில் எழுந்தது. இன்றைய புதுச்சேரியில் வியட்நாமியச் சமையல் மணக்கும் வீடுகள் இருப்பது அந்த வாழ்க்கையின் மிச்சம்.

நியாயமாகப் பார்த்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வியட்நாம் மக்களின் கண்ணில் இவர்கள் ஆள்பவனின் ஆட்கள். தன் வீட்டில் மிதிபட்டவன் இன்னொருவன் வீட்டில் காவல்காரனாக நின்றான். உரிமையை வென்றெடுத்தவர்களின் வரலாற்றில் இந்தப் பக்கத்தையும் புரட்டாமல் விடக் கூடாது.

*

பொன்னுத்தம்பியின் வழக்கு பாரீஸ் வரை போனது. ஆலைத் தொழிலாளிக்குப் பாரீஸ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனால் பாரீஸில் என்ன நடக்கிறது என்பது 1936இல் அவர் காதுக்கு வந்தது.

பிரான்சில் தொழிற்சங்கம் வைக்கும் உரிமை 1884இலேயே வந்துவிட்டது. எட்டு மணி நேர வேலை 1919இல் சட்டமானது. இரண்டும் சுயெஸ் கால்வாயைத் தாண்டவில்லை. அதே மூவர்ணக் கொடி பறந்த புதுச்சேரி ஆலைகளில் வேலைநேரம் பத்து மணி, பன்னிரண்டு மணி என்று நீண்டது. பெண்களும் சிறுவர்களும் அதே தூசியில் நின்றார்கள். சங்கம் என்ற சொல்லுக்கே அனுமதி இல்லை.

இங்கேதான் ரயில் நிலையத்துச் சாலையின் பெயர் வருகிறது. வ. சுப்பையா, 1911இல் பிறந்தவர். 1934இல் ‘சுதந்திரம்’ என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு பிப்ரவரியில் காந்தி புதுச்சேரிக்கு வந்தபோது அந்த வருகைக்குப் பாடுபட்ட இளைஞர்களில் அவரும் ஒருவர். பத்திரிகையை வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். வேலைநேரக் குறைப்பு, கூலி உயர்வு, சங்க உரிமை, பேறுகால விடுப்பு என்று கோரிக்கைகள் உருவெடுத்தன.

1936 ஜூனில் பிரான்சில் லெயோன் புளும் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, வாரத்துக்கு நாற்பது மணி நேரமும் சம்பளத்தோடு விடுமுறையும் பெற்றார்கள். அடுத்த மாதமே புதுச்சேரித் தொழிலாளர்கள் அதே வழியில் இறங்கினார்கள். ஆலையை விட்டு வெளியேறாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். பாரீஸில் இடதுசாரி அரசு இருக்கும்போது தங்கள் மேல் துப்பாக்கி நீளாது என்று அவர்கள் நம்பியிருக்கக் கூடும்.

ஜூலை 30 அன்று துப்பாக்கி நீண்டது. சொலோமியாக் ஆளுநராக இருந்த காலம். சவானா மில்லில் கூடியிருந்த தொழிலாளர்கள் மீது ஆயுதப்படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வேலைநேரத்தைக் குறை என்று கேட்டதற்காகப் பன்னிரண்டு வீடுகளில் இழவு விழுந்தது.

இதைப் படிக்கும்போது உலகின் ஆலை வரலாறு முழுவதும் ஒரே ஊரில் நடந்தது போலத் தோன்றும். 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேரம் கேட்டவர்களில் சிலர் அடுத்த ஆண்டு தூக்குமேடை ஏறினார்கள். 1911 மார்ச்சில் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பிடித்தபோது கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறி வந்த இளம்பெண்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் நியூயார்க் மாநிலம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களை வரிசையாகப் போட்டது. பிணம் விழுந்த பிறகே பேனா திறக்கும் என்பது அங்கேயும் நடந்தது, இங்கேயும் நடந்தது.

இங்கே பேனா திறக்க எட்டு மாதங்கள் ஆயின. துப்பாக்கிச் சூட்டின் செய்தி பாரீஸ் வரை போனது. நேருவின் ஊக்கத்தோடு சுப்பையா 1937இல் பிரான்சுக்குப் போய் அதிகாரத்தில் இருந்தவர்களிடம் பேசினார். அந்த ஏப்ரலில் தொழிலாளர் ஆணை வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை. சங்கம் அமைக்கும் உரிமை. ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் வரும் பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு ஐம்பத்து நான்கு மணி வேலை. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று அது குறைந்தது 1946இல். ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் பெற்ற ஊர் என்று புதுச்சேரித் தொழிலாளர்கள் பெருமையோடு சொல்வது வழக்கம். அந்தப் பெருமைக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

*

கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, வெண்தூண்களோடு ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்த புதுச்சேரிக்காரர்களுக்காக 1938இல் திறந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று, பிரான்சின் தேசிய நாளில், ஓய்வுபெற்ற படைவீரர்கள் பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு இங்கே வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். ஊரார் அவர்களைச் ‘சொல்தா’ என்று அழைப்பார்கள். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா வீடு என்றால் தெருவில் தனி மதிப்பு.

1954இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஜூலையில் பிரான்ஸ் இந்தோசீனாவை விட்டு வெளியேற ஒப்புக்கொண்டது. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. கைமாற்றத்துக்கான இரு நாட்டு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, இந்தியரா பிரெஞ்சுக்காரரா என்று தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். பிரெஞ்சு என்றவர்கள் சில ஆயிரம் பேர், பெரும்பாலும் படைவீரர் குடும்பங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரீஸின் புறநகர்களில் வாழ்கிறார்கள். பிரான்சில் தேர்தல் நடந்தால் புதுச்சேரியில் வாக்குச்சாவடி திறக்கிறது. லப்போர்த் திறந்த கதவு இன்னும் சாத்தப்படவில்லை.

ஜூலை 14க்கு இரண்டு வாரம் கழித்து ஜூலை 30 வருகிறது. அன்று தொழிற்சங்கத்தினர் ஊர்வலம் போகிறார்கள், தியாகிகளுக்கு மாலை போடுகிறார்கள், நெல்லித்தோப்பில் நிற்கும் சுப்பையா சிலை செங்கொடிகளுக்கு நடுவே தெரிகிறது. முதல் ஜூலையைப் படம்பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் காத்திருக்கிறார்கள். இரண்டாவது ஜூலை அவர்கள் காலையுணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடுகிறது.

மீண்டும் ஏ.எப்.டி. கேட்டுக்கு வந்தால் சுவருக்கு அப்பால் அமைதி. 1980களின் நடுவில் நலிந்த ஆலையைப் புதுச்சேரி அரசு ஏற்று நடத்தியது. விசைத்தறியின் போட்டி, பழைய எந்திரங்கள், பெருகிய நஷ்டம் என்று பாரம் ஏறியது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் ஆலைக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அதன்பின் ஆலை நிமிரவில்லை. வேலை இல்லாமல் அரைச் சம்பளத்துக்கும் நிலுவைத் தொகைக்கும் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்றார்கள். 2020 ஏப்ரல் 30 அன்று ஆலை மூடப்பட்டது. மறுநாள் மே தினம்.

லோவல் ஊரிலும் ஆலைகள் மூடின. ஆனால் 1978இல் அமெரிக்க அரசு அந்த ஆலைகளையும் கால்வாய்களையும் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தது. அங்கே ஓர் ஆலைக் கூடத்தில் பழைய தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். எத்தனை தறிகள் ஓடும்போது எத்தகைய இரைச்சலில் ஒரு பெண் நின்று வேலை செய்தாள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். மாளிகைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காப்பாற்றும் புதுச்சேரிக்கு, வேறொரு கதையைச் சொல்ல ஆலைச் சுவர்கள் இருக்கின்றன. சவானாவின் ஒரு கூடத்தில் கினே துணி ஒரு முழம், ஒப்பந்தக் கூலியின் கப்பல் பதிவு ஒரு தாள், 1881ஆம் ஆண்டுத் துறவுப் பத்திரம் ஒன்று, பன்னிரண்டு தொழிலாளர்களின் பெயர்ப் பலகை. இவ்வளவு வைத்தாலே போதும். அந்தக் கட்டடங்கள் விழுவதற்கு முன் புதுச்சேரி அரசு இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை, புதுச்சேரிக்கு வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் உடனே கிழக்கே திரும்பாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, தண்டவாளத்தை ஒட்டி மேற்கே நடந்து, அந்த ஆலை வாசலில் சற்று நின்றுவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள்.